சுறாவில் எத்தனை வகை?

நம்ம லயத்தில் எல்லாத்தையும் ‘சுறாக் கருவாடு’ என்றே சொல்கிறோம். ஆனால் கற்பிட்டி, சிலாபம் பக்கத்துக் கடலில் சுறா பல வகை. சிலதைத் தெரிந்துகொள்வோம்.

எந்தச் சுறாவுக்கும் எலும்பு கிடையாது. உள்ளே இருப்பது குருத்தெலும்பு. பல் விழுந்தால் பின்வரிசைப் பல் முன்னுக்கு வரும். சதையில் உள்ள யூரியா அமோனியாவாக மாறுவதால்தான் பழைய கருவாடு அப்படி நெடி அடிக்குது.

பால்சுறா: சின்ன இனம். சுமார் ஒரு மீற்றர்தான் வளரும்.

கொம்பன் சுறா: தலை சுத்தியல் மாதிரி. இரண்டு முனையிலும் கண்.

கசைவால் சுறா: உடம்பில் பாதி வால்தான். வாலை வீசியடித்து இரையை மயக்கும். ஈனுவது சில குட்டிகளே. அதனால் அழிந்தால் திரும்பப் பெருகுவது கஷ்டம். இலங்கையில் 2012 இல் இதைப் பிடிக்கத் தடை வந்தது.

திமிங்கலச் சுறா: 12 மீற்றருக்கு மேலும் வளரும். ஆனாலும் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடித்துத் தின்னும் சாது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறா கொடுப்பது நம்ம வழக்கம். இதில் ஒரு கவனம் வேண்டும். பெரிய சுறா பல வருடம் மற்ற மீன்களைத் தின்று வாழ்வதால் அதன் சதையில் பாதரசம் சேர்கிறது. கழுவினாலும், காயவைத்தாலும், சமைத்தாலும் அது போகாது. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

வெட்டிய துண்டைப் பார்த்துச் சின்னச் சுறாவா, பெரிய சுறாவா என்று சொல்ல முடியாது. ஆகவே கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கும் நெத்தலி, சூடை கொடுப்போம். சத்தும் உண்டு, பயமும் இல்லை.