துயரத்திலும் ஓரவஞ்சனையா?



வீடு இடிந்தால் ஊரே காணும். மனம் இடிந்தால் காண்பவர் சிலரே. 2004 மார்கழி 26இல் ஆழிப்பேரலை நம் கரையோரங்களை விழுங்கியபோது இந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பியோருட் பலர் உறக்கமிழந்தனர். கடலைக் காணவே அஞ்சினர். தாம் மட்டும் ஏன் பிழைத்தோம் எனத் தம்மையே நொந்துகொண்டனர்.

அக்காலத்தில் உளநல சேவையின் பெரும்பகுதி கொழும்பை அண்டிய வைத்தியசாலைகளிலேயே குவிந்திருந்தது. 'அங்கொடை' என்ற ஊர்ப்பெயரே ஏளனச் சொல்லாகிவிட்டதால், உதவி வேண்டியவரும் அதை நாடக் கூசினர். அழிவின் பின், 2005இல், நாட்டின் உளநலக் கொள்கை ஏற்கப்பட்டது. மாவட்டங்களில் உளநலப் பிரிவுகள் பெருகின. ஊர்மட்டத்தில் தொண்டாற்றுவோர் பயிற்றப்பட்டனர். இது நன்றே.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். கரையோரத்துக்கு உதவிகள் குவிந்தபோது, போரினால் முன்னரே இடம்பெயர்ந்து ஆண்டுக்கணக்கில் முகாம்களில் வாழ்ந்தோருக்கு அவ்வளவு கிட்டவில்லை. உலகம் கண்ட துயருக்கு ஒரு நீதி, பழகிப்போன துயருக்கு வேறொரு நீதியா?

சமத்துவம் என்பது எல்லோருக்கும் ஒரே அளவில் பங்கிடுவதன்று. உதவி எட்டாதவரைத் தேடிச் செல்வதாகும். தமிழ் மட்டும் அறிந்த நோயாளி தன் மொழியிலேயே மனந்திறக்க வேண்டும். லயன் அறையில் வாழும் தொழிலாளி ஒருநாட் சம்பளத்தை இழக்காமல் சிகிச்சை பெற வேண்டும். இளம் விதவை ஊர்வாய்க்கு அஞ்சாது பேச ஓரிடம் வேண்டும்.

நாம் என் செய்யலாம்? யோபுவின் நண்பர்கள் ஏழு நாட்கள் வாய் திறவாது அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பேசத் தொடங்கிக் குற்றம் கண்டபோதே அவரைப் புண்படுத்தினர். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூலும் மூன்று கடமைகளையே கூறுகிறது: தேவையை உற்றுப் பார்த்தல், வற்புறுத்தாது செவிமடுத்தல், உரிய உதவியுடன் இணைத்தல். ஆகவே, "விசுவாசக் குறைவு", "செய்வினை", "கடவுளின் தண்டனை" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். செபமும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. உயிரை மாய்க்கும் எண்ணம் ஒருவரிடம் தென்பட்டால், அவரைத் தனியே விடாது உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம்.

இவ்வாரம் குடும்பமாகச் சிந்திக்க: நமது ஒழுங்கையில் நெடுநாளாகத் திறவாத படலை யாருடையது? அதைத் தட்ட நம்மில் யார் போவது?