பல் வலி நின்னுபோச்சா? இப்போதான் கவனம் தேவை!

"பல்லு வலிதானே, ரெண்டு நாள்ல சரியாயிடும்." நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கிராம்பைக் கடிப்போம், மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போடுவோம். சில நாட்களில் வலி நின்றுவிடும். நாமும் மறந்துவிடுவோம். ஆனால் பல நேரங்களில் பல் சரியாகியிருக்காது. உள்ளே இருக்கும் நரம்பு செத்துப்போயிருக்கும்.

வலி ஏன் நிற்கிறது?

சொத்தை முதலில் பல்லின் மேல் பூச்சான எனாமலை அரிக்கும். அப்போது வலி தெரியாது. அடுத்த அடுக்குக்குப் போனதும் ஐஸ் தண்ணீர் பட்டால் கூசும். நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள நடுப்பகுதியைத் தொட்டால் தூங்கவிடாத வலி வரும். நரம்பு செத்ததும் வலி அடங்கும், கிருமி அடங்காது. வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும்.

எங்கெல்லாம் பரவும்?

கழுத்து: கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப் பற்களின் வேர்கள், நாக்குக்கு அடியில் இருக்கும் தசைக்கும் கீழே இறங்கி நிற்பவை. அங்கு கட்டும் சீழ் நேராகத் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் பரவும். நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுப்பாதை அடைபடலாம். இதன் பெயர் 'லட்விக் ஆஞ்சைனா'. 1836-ல் ஜெர்மன் மருத்துவர் லட்விக் இதை விவரித்தார். சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம்.

கண், மூளை: மேல்தாடைப் பல்லின் சீழ் கண்ணைச் சுற்றிப் பரவலாம். அரிதாக மூளை வரைக்கும் போகும்.

இதயம்: வாய்க் கிருமிகள் ரத்தத்தில் கலந்து இதய வால்வில் தொற்றை உண்டாக்கலாம். செயற்கை வால்வு பொருத்தியவர்கள், பிறவி இதயக் குறை உள்ளவர்கள் இதைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சர்க்கரை நோய்: சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரை கட்டுக்குள் வராது. பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் 'பிரஷ் பட்டிருக்கும்' என்று விடாதீர்கள்.

மாத்திரை போட்டால் போதாதா?

போதாது. ஆன்டிபயாடிக் பரவலைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் கிருமியின் இருப்பிடம் செத்த பல்லுக்குள்ளேயே இருக்கும். சீழை வடித்து, வேர் சிகிச்சை செய்ய வேண்டும். முடியாவிட்டால் பல்லை எடுக்க வேண்டும். வீங்கிய கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். மாத்திரையைப் பொடித்து ஈறில் வைக்காதீர்கள், ஈறு வெந்துபோகும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். அதுவும் மருத்துவரைப் பார்க்கும் வரைதான்.

உடனே 108-ஐ அழையுங்கள்

• தாடைக்கு அடியில், கழுத்தில் அல்லது கண்ணருகே வீக்கம்
• வாய் திறக்க முடியாமை
• எச்சில்கூட விழுங்க முடியாமை, குரல் மாறுதல்
• மூச்சுத் திணறல்
• வீக்கத்துடன் குளிர் காய்ச்சல்

இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். மூச்சுத் திணறினால் படுக்க வைக்காமல் உட்கார வையுங்கள்.

எங்கே போவது?

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல வட்ட மருத்துவமனைகளிலும் பல் மருத்துவப் பிரிவு இயங்குகிறது. சென்னை, புதுக்கோட்டை, சிதம்பரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. எங்கே போவது என்று குழப்பமா? 104-ஐ அழைத்து ஆலோசனை கேளுங்கள். ஆபா வசதி உள்ள மருத்துவமனைகளில் நுழைவாயிலில் இருக்கும் க்யூஆர் குறியீட்டை உங்கள் செல்போனில் ஸ்கேன் செய்தால் புறநோயாளி டோக்கன் கிடைக்கும். பதிவு வரிசையில் காத்திருக்கும் நேரம் குறையும்.

எப்போதோ வலித்து, தானாக நின்றுபோன பல் உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா? இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். வலி இல்லாதபோதே அதை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.