ஓரிரவு மலர்

நுழையும் முன்

நல்ல மண்ணும் நீரும் இருந்தும் சில செடிகள் காய்ப்பதில்லை. ஏன்? வீட்டு மாடியில் டிராகன் பழம் வளர்த்த ஒரு மாணவியின் பட்டறிவைப் படித்து விடை காண்போம்.

பாடம்

நாங்கள் அகமதாபாத்தில் வாழ்கிறோம். பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பெண்மணியை நான் ‘மாசி’ என்று அழைப்பேன். அவர் வீட்டு மாடியில் டிராகன் பழங்கள் காய்த்திருப்பதைக் கண்டு, எங்கள் மாடியிலும் ஒரு செடி வளர்க்க விரும்பினேன்.

இப்பழம் தாமரையை ஒத்திருப்பதால் குஜராத் அரசு 2021 சனவரியில் இதற்குக் ‘கமலம்’ என்று பெயர் சூட்டியது. இம்மாநிலத்தின் கச்சுப் பகுதியில் இது பயிராகிறது. எனினும் இதன் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் ஆகும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் காணும் சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்ததே. இரண்டும் கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

அப்பா நாற்றுப் பண்ணையிலிருந்து ஒரு கலப்பின வகையை வாங்கி வந்தார். வெண்சதைப் பழவகையையும் செஞ்சதைப் பழவகையையும் இணைத்து உருவாக்கிய அவ்வகையின் சதை இளஞ்சிவப்பாக இருக்கும். கலப்பினத்தின் விதையை விதைத்தால் தாயைப் போன்ற செடியே முளைக்கும் என்று கூற இயலாது. காய்க்கவும் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே, முருங்கையைப் போல இதையும் போத்து நட்டு வளர்ப்பர்.

ஓரடி நீளமுள்ள அப்போத்தின் வெட்டுவாய் காயும் வரை ஒரு வாரம் நிழலில் வைத்தோம். பெரிய தொட்டியில் மண், மணல், தொழுவுரம் ஆகியவற்றைக் கலந்து நிரப்பி அதை நட்டோம். ஆளுயரக் கம்பம் ஒன்றை ஊன்றி, அதன் உச்சியில் பழைய மிதிவண்டி டயரைக் கட்டினோம். தண்டு உச்சியை அடைந்ததும் நுனியைக் கிள்ளினோம். கிளைகள் பல தோன்றி, டயரின் மேல் படர்ந்து குடைபோல் தொங்கின. நீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால், மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்றினோம். மே மாத வெயிலில் தண்டு மஞ்சளித்தபோது நிழல்வலை கட்டினோம்.

இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் மூன்று மொட்டுகள் அரும்பின. ஓரடி நீள வெண்மலர்கள் ஓரிரவு விரிந்து காலையில் கூம்பின. ஐந்தாம் நாள் அடிப்பகுதி மஞ்சளாகி மூன்றும் உதிர்ந்தன. நான் அழுதேன். எரு போதவில்லை என்று அப்பா எண்ணினார்.

மாசி வந்து பார்த்தார். “செடியில் குறை இல்லை, பேட்டா. இவ்வகை தன் மகரந்தத்தால் காய்க்காது. வேறு வகைச் செடியின் மகரந்தம் வேண்டும். தாயகத்தில் வௌவாலும் அந்துப்பூச்சியும் அதைக் கொண்டு சேர்க்கும். இங்கே நாம்தான் சேர்க்க வேண்டும்” என்றார்.

செப்டம்பரில் மீண்டும் ஒரு மொட்டு வந்தது. ஆனால், மாசியின் வெண்சதைச் செடி ஒரு நாள் முன்னரே மலர்ந்துவிட்டது. இனி என் மலருக்கு மகரந்தம் ஏது என்று கலங்கினேன். மாசியோ அதைச் சிறிய டப்பாவில் சேர்த்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தார். மறுநாள் இரவு எங்கள் மலர் விரிந்தது. மாசி விளக்கைப் பிடித்துக்கொள்ள, நான் தூரிகையால் மஞ்சள் நிற மகரந்தத்தைத் தொட்டுச் சூல்முடியில் தடவினேன்.

ஐந்தாம் நாள் வந்தது. இதழ்கள் வாடித் தொங்கின. அடிப்பகுதியோ பசுமையாகவே இருந்தது! அது நாள்தோறும் பருத்தது. ஏறத்தாழ 30 நாள்களில் தோல் சிவந்தது. டிராகன் பழம் மாம்பழத்தைப் போலப் பறித்த பின் பழுப்பதில்லை. ஆதலால் முழுதும் சிவந்த பின்னும் சில நாள் காத்திருந்து, கத்தரிக்கோலால் காம்பை வெட்டினோம்.

மகரந்தம் மாசியின் செடியிலிருந்து வந்ததாயினும் சதை இளஞ்சிவப்பாகவே இருந்தது. சதை தாய்ச்செடியின் பகுதி என்றும், சிறு கறுப்பு விதைகளில்தான் இரு செடிகளின் பண்புகளும் சேர்ந்துள்ளன என்றும் அப்பா விளக்கினார்.

ஒரு பாதியை மாசியிடம் கொண்டு சென்றேன். அவர் உண்டு மகிழ்ந்து, தம் செடியிலிருந்து ஒரு போத்தை வெட்டித் தந்தார். அது இப்போது எங்கள் மாடி நிழலில் காய்ந்துகொண்டிருக்கிறது.

சொல்லும் பொருளும்

போத்து – நடுவதற்காக வெட்டிய கிளை
தாயகம் – பிறந்த இடம்
தொழுவுரம் – மாட்டுச் சாணத்தால் ஆகிய எரு
கூம்பின – குவிந்தன
சூல்முடி – மலரில் மகரந்தத்தை ஏற்கும் பகுதி

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. கலப்பின வகையை விதையால் வளர்க்காதது ஏன்?
2. முதலில் வந்த மூன்று மலர்களும் உதிர்ந்தது ஏன்?
3. பழத்தின் சதை ஏன் வெண்மையாக மாறவில்லை?

ஆ. பிரித்து எழுதுக.
வெண்சதை, செஞ்சதை, ஓரிரவு

இ. செய்து பார்க்க.
அண்டை வீட்டார் வளர்க்கும் ஒரு செடிக்கு அவர்கள் மொழியில் என்ன பெயர் எனக் கேட்டறிக. அதன் தமிழ்ப் பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, இரண்டையும் எழுதுக.