வாக்கில்லாதவர்களின் பிரதிநிதி

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். உன் வரலாற்று ஒப்படைக்குக் கலிபோர்னியா ஆளுநர் ஹைரம் ஜோன்சனை எடுத்திருப்பதாக உன் அம்மா சொன்னாள். நல்ல தெரிவு. அந்த மாநிலத்தையே கைக்குள் வைத்திருந்த ரயில் கம்பனியை எதிர்த்து, 1910இல் மோட்டார் காரிலேயே ஊர் ஊராகப் போய்ப் பேசி வென்றவர் அவர். பெண்களுக்கு வாக்குரிமையும், வேலையில் காயப்பட்ட தொழிலாளிக்கு நட்டஈடும் அவர் காலத்தில் வந்தன. இவற்றோடு, 1913இல் அவர் கையெழுத்திட்ட நிலச் சட்டத்தைப் பற்றியும் எழுது. ஜப்பானிலிருந்து வந்து அங்கே பயிர் செய்தவர்கள் சொந்த நிலம் வாங்க முடியாதபடி அது தடுத்தது. அவர்களால் அன்று அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாது. ஆகவே வாக்கும் இல்லை. வாக்கில்லாதவரைக் கைவிடுவது எந்தத் தலைவருக்கும் சுலபம். ஒரு தலைவரை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அப்படிப் பார்த்தால், நம் ஹட்டனிலிருந்து அரசாங்க சபைக்குப் போன கோ. நடேசய்யரையும் உன் ஒப்படையில் சேர்க்க வேண்டும்.

1887இல் தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்தவர். அங்கே ‘வர்த்தக மித்திரன்’ என்ற பத்திரிகையை நடத்தினார். இலங்கைக்கு வந்தபோது தோட்டத்துச் சனங்களைப் பார்க்க விரும்பினார், வழியில்லை. துரையின் அனுமதி இல்லாமல் தோட்டத்தில் கால் வைத்தால் அத்துமீறல் குற்றம். புடவை வியாபாரிகள் மட்டும் லயத்துப் பக்கம் போய்வரலாம். அவரும் புடவை வியாபாரி வேஷத்தில் உள்ளே போனார். அங்கே கண்டதுதான் அவருடைய மீதி வாழ்க்கையைத் தீர்மானித்தது என்பது என் எண்ணம்.

அந்தக் காலத்தில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. பெரிய கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த சீட்டு அது. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தத் தோட்டம் கடனைக் கட்ட வேண்டும். கட்டிய தொகை அங்கே அவர் பெயரில் புதுக் கடனாக ஏறும். ஆள் மாறினாலும் கடன் மாறாது. 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. கங்காணியின் பிடி உடனே தளர்ந்துவிடவில்லை.

1920இல் நடேசய்யர் இலங்கையிலேயே தங்கிவிட்டார். ‘தேச நேசன்’, பிறகு 1924இல் ‘தேசபக்தன்’ என்று பத்திரிகைகள் நடத்தினார். 1925இல் இடைத்தேர்தலில் வென்று சட்டநிரூபண சபைக்குப் போனார். அப்போது சொத்தும் படிப்பும் உள்ள சிலருக்கே வாக்கு. கொழுந்து எடுப்பவர்கள் அவரைத் தெரிவு செய்யவில்லை. ஆனாலும் அவர் பேசியது அவர்களுக்காக. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன்படி 1929 முதல் உயர்மலைத் தோட்டங்களில் நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. இந்த மூன்று எண்களையும் ஒப்படையில் எழுது. உன் கொள்ளுப்பாட்டி பேர் போட்டது அந்த 43 சதத்துக்குத்தான்.

கொழும்பில் நடேசய்யர், ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து தொழிற்சங்கம் நடத்தினார். குணசிங்க பெரிய போராளி. ஆனால் 1920களின் இறுதியில் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகப் பேசத் தொடங்கினார், இருவரும் பிரிந்தார்கள். ஜோன்சன் தவறிய அதே இடம்தான் இது. நடேசய்யர் மலையேறி வந்து, 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் தேயிலை விலை விழுந்து, சம்பளத்தை வெட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளைத் தனிப் பத்தியாக எழுது. துணைவியார் என்று ஒரே வரியில் முடித்துவிடாதே. பத்திரிகை வேலையிலும் மேடையிலும் அவர் சரிபாதி. பெரும்பாலானோர் எழுத்தறியாத கூட்டத்தில் நீண்ட பேச்சு எடுபடாது. தெரிந்த மெட்டில் கட்டிய பாட்டு எடுபடும். பாரதி பாடல்களைப் பாடினார். தாமே பாட்டுக் கட்டிச் சிறு நூல்களாகவும் அச்சிட்டார். வாசிக்கத் தெரிந்த ஒருவர் லயத்தில் இருந்தால் போதும், மற்றவர்கள் கேட்டுப் பாடம் செய்துகொள்ளலாம். மலையகத்தில் அரசியல் முதலில் காதால் பரவியது என்றால் அதில் இந்த அம்மாளின் பங்கு பெரிது.

1936இல் ஹட்டன் தொகுதியில் நடேசய்யர் வென்றார். 1947 வரை அரசாங்க சபையில் இருந்தார். அதற்குள் நிலைமை மாறிவிட்டது. நேரு வந்துபோன 1939இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவாகி, தோட்டங்களில் வேகமாக வேரூன்றியது. 1947 பொதுத் தேர்தலில் அது 7 இடங்களைப் பிடித்தது; நடேசய்யர் தோற்றார். அதே ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி காலமானார். இதைச் சோகக் கதையாக எழுத வேண்டாம். தோட்டத்துச் சனங்கள் தங்களுக்கு வேண்டியவரைத் தாங்களே தேர்ந்தெடுத்த தேர்தல் அது. அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது, பிறகு வாக்கும் பறிபோனது. உன் தாத்தாவும் அவர்களில் ஒருவர். அவரிடம் கேட்டு எழுது.

நூலகத்தில் சாரல்நாடன் எழுதிய ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் என் பிரதியை அடுத்த மாதம் கொண்டுவருகிறேன். அதற்குள் ஜோன்சன் பகுதியை எழுதி முடித்துவிடு.

அன்புடன்,
மாமா