இட்டேரியில் கார் போகாது

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து, நீயே கார் ஓட்டி, பல்லடம், குண்டடம், தாராபுரம் தாண்டி மூலனூர்ப் பக்கம் அவர் பிறந்த ஊர்வரை போய்வந்ததாக எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: “வழி நெடுகத் தரிசும் முள்ளும் காற்றாலையும்தான். இதைப் பார்த்து அப்பா ஏன் கண்கலங்கினார்? வெறும் நாஸ்டால்ஜியாதானே ஐயா?” இரண்டு நாளாக அது தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக உறுத்துகிறது. ஒரே மூச்சில் இரண்டு சொல்லைத் தப்பாகப் போட்டிருக்கிறாய். எம்.ஏ. தமிழ் படிக்கிறவள் நீ.

தரிசு என்பது உழாமல் போட்டுவிட்ட நிலம். நீ பார்த்தது கொறங்காடு. பட்டா உள்ள சொந்த நிலம், மேய்ச்சலுக்கென்றே பேணி வைத்தது. நாலு பக்கமும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். அந்த மரத்தின் நிழல் மாட்டுக்கு. உதிரும் நெற்று ஆட்டுக்கு. மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு வீட்டுக்காரர் வேறு வேலையைப் பார்க்கப் போகலாம். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்குக் காற்றை மட்டும் அனுப்புகிறது. உன் காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். மழைக்கு நாம் ஐப்பசி, கார்த்திகையைத்தான் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட சீமையில் புல்லையே வெள்ளாமையாக வைத்துக்கொண்டவர்களின் நிலத்தைத் தரிசு என்று எழுதுவது, வேட்டியை மடித்துக் கட்டியவனைப் பார்த்து இவனுக்கு உடுத்தத் தெரியவில்லை என்பது போல.

நீ அனுப்பிய படத்தில் மயிலைப் பசுவும் பக்கத்தில் ஒரு செங்கன்றும் நிற்கின்றன. “வேறு மாட்டுக் கன்றோ?” என்று கேட்டிருக்கிறாய். அதே மாட்டுக் கன்றுதான். காங்கயம் கன்று சிவப்பாகத்தான் பிறக்கும். ஆறு மாதம் போல ஆனால் சாம்பல் ஏறும். பக்கத்து சீட்டில் இருந்தவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். என்னைக் கேட்கத் தபால் செலவு எதற்கு?

சரி, இட்டேரிக்கு வருகிறேன். ஓரிடத்தில் அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி, “இங்கே ஒரு இட்டேரி இருந்துச்சே” என்று இறங்கித் தேடியதாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் டீக்கடைக்குப் போய்விட்டாய். கடிதத்தின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இரண்டு பேர் காட்டுக்கு நடுவே, அவரவர் வேலிக்கு வெளியே மிஞ்சும் சந்துதான் இட்டேரி. மாடும் வண்டியும் போகும். மழை பெய்தால் அதுவே ஓடை. அதன் இரு ஓரமும் உழவு படாததால், உழுத காட்டில் பிழைக்க முடியாததெல்லாம் அங்கே வந்து ஒண்டிக்கொள்ளும்: பிரண்டை, கோவைக்கொடி, வேலிப்பருத்தி, கள்ளி, கௌதாரி, செம்போத்து, கீரி, உடும்பு. எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிட்டால் ஒன்று பின்னால் போயாக வேண்டும். அந்தக் குறுகலில்தான் என் ஊகம் பிறந்தது. ‘இட்டிது’ என்பதை வள்ளுவர் ‘சிறிது’ என்ற பொருளில் ஆண்டிருக்கிறார். ‘இட்டிடை’ என்றால் சிறுத்த இடை. இட்டேரியின் முன்பாதி இந்த ‘இட்டு’தான் என்பது என் கட்சி. பின்பாதி ஏரியா, ஏறியா என்று என்னோடு சண்டைக்கு வருகிற நண்பர் ஒருவர் உண்டு. மழைநாளில் முழங்கால் தண்ணீரில் அதற்குள் நடந்து பள்ளிக்கூடம் போனவனுக்கு ஏரி என்று சொல்லத் தயக்கம் வராது என்று அவரிடம் சொன்னேன். இது ஆதாரமாகாது என்கிறார். ஆகாதுதான். இருந்தாலும் நான் விடுவதாக இல்லை.

வேலி, எல்லை என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’, 1942இல் வந்த நாவல். நிலத்தில் பங்கு கேட்கும் விதவையின் கதை. மாணவனாக இருந்தபோது சண்டை எங்கே முற்றுகிறது என்று பார்க்கவே பக்கங்களைத் தள்ளினேன். நாற்பது வயதுக்கு மேல், ஒருவன் தன் காட்டின் எல்லையை எப்படிப் பார்க்கிறான் என்பதற்காக மறுபடி படித்தேன். உனக்கு இப்போதே அதைப் படிக்கச் சொல்கிறேன்.

நாஸ்டால்ஜியாவுக்கு வருவோம். 1688இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாசல் நகரில் கொடுத்த ஆய்வேட்டில் கட்டிய சொல் அது. வீடு திரும்புதலுக்கான கிரேக்கச் சொல்லையும் வலிக்கான சொல்லையும் ஒட்டவைத்தார். ஊரைவிட்டுப் போனவர்கள் உடம்பு மெலிந்து படுக்கையில் விழுகிற நோய்க்கு அவர் வைத்த பெயர். அதற்கு முன்னால் ‘வெறும்’ போட உனக்கு எப்படி மனசு வந்தது?

ரொம்பத்தான் திட்டுகிறேனோ? எனக்கும் யோக்கியதை இல்லை. எங்கம்மாவின் கடைசி வருஷங்களில் ஒருநாள் வாடகைக் காரில் அதே சாலையில் அவளைக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் ஊர்ப்பெயர்களின் வேர்ச்சொல்லை அவளுக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். அவள் “ம்” கொட்டியபடி வேலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தச் சொல்லி இறங்கினாள். வேலியில் ஒரு கடவு. படல் மக்கிக் கிடந்தது. கிளுவைக் கொப்பு ஒன்றை ஒடித்து முகர்ந்துவிட்டு என் மூக்கருகே நீட்டினாள். முறிந்த இடத்தில் பிசின் கசிந்து மணத்தது. கிளுவையும், ஏசு பிறந்தபோது ஞானிகள் கொண்டுவந்த வெள்ளைப்போளம் தரும் மரமும் ஒரே பேரினம், பங்காளிகள். எனக்கு அது புத்தகத்தில் தெரியும். அந்த மணம் அன்றுவரை தெரியாது. டிரைவர் ஹாரன் அடித்தார். “நேரமாச்சும்மா” என்றேன். அந்தக் கடவு யார் காட்டுடையது, அங்கே அவளுக்கு என்ன ஞாபகம் என்று நான் கேட்கவில்லை. இனிக் கேட்க ஆள் இல்லை.

நீ இன்னொரு தடவை அப்பாவைக் கூட்டிப்போ. ஆடியில் வேண்டாம், காற்று மண்ணை வாரிக் கண்ணில் போடும். கார்த்திகை மழை ஓய்ந்ததும் போ, கொறங்காட்டில் புல் நிற்கும். தாராபுரம் தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டு. அறுபதில் போனால் கிளுவை வேலி வெறும் பழுப்புக் கோடாகத்தான் தெரியும். அவர் கைகாட்டுகிற இடத்தில் ஓரம் கட்டிவிட்டு அவருக்குப் பின்னால் நட. முன்னால் நடக்காதே. கையில் நோட்டு இருக்கட்டும். எந்தக் கடவு யாருடையது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்.

திரும்பும்போது விரல் தடிமனில் நாலு கிளுவைப் போத்து வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி எனக்குக் கொண்டுவா. எது அடி, எது நுனி என்று அப்பாவை விட்டே அடையாளம் போடச் சொல். போன தடவை ஒரு மாணவன் கொண்டுவந்ததை நான் தலைகீழாக நட்டுத் தொலைத்தேன்.

அன்புடன்,
உன் ஐயா