மூன்றுக்கு ஒன்று என்றால் எத்தனை பங்கு?

மேற்கு வங்காளத்தில் வாரத்துக்குப் பயிர் செய்பவரைப் 'பர்காதார்' என்பார்கள். நிலம் ஒருவருடையது. உழைப்பு மற்றொருவருடையது. அறுவடை முடிந்ததும் விளைச்சலை இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள்.

யாருக்கு எவ்வளவு? அந்த மாநிலத்தின் நிலச் சீர்திருத்தச் சட்டம் இதைச் சொல்கிறது. அது 1955-ஆம் ஆண்டுச் சட்டம். பிறகு அது திருத்தப்பட்டது. ஏர், மாடு, எரு, விதை ஆகியவற்றை நிலத்துக்காரர் கொடுத்தால் இருவருக்கும் பாதிப் பாதி. கொடுக்காவிட்டால் உழுதவருக்கு நூற்றுக்கு 75. நிலத்துக்காரருக்கு நூற்றுக்கு 25. அதாவது மூன்றுக்கு ஒன்று. இதை 3 : 1 என்று எழுதவேண்டும்.

1978-இல் 'ஆபரேஷன் பர்கா' தொடங்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பர்காதார்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. பெயர் பதிவானால் மட்டும் போதுமா? களத்து மேட்டில் கணக்கும் தெரியவேண்டும்.

ஒரு பர்காதார் ஏர், மாடு, எரு, விதை எல்லாம் தானே போட்டார். விளைந்தது 24 மூட்டை நெல். "மூன்றுக்கு ஒன்றுதானே? 24-ஐ மூன்றால் வகுத்தால் 8. எனக்கு 8 மூட்டை" என்கிறார் நிலத்துக்காரர். இது சரியா?

கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

1. பங்குகளைக் கூட்டுங்கள்: 3 + 1 = 4. மொத்தம் நான்கு சம பங்குகள்.
2. விளைச்சலை வகுத்திடுங்கள்: 24 ÷ 4 = 6. ஒரு பங்கு 6 மூட்டை.
3. பெருக்குங்கள்: உழுதவருக்கு 6 × 3 = 18 மூட்டை. நிலத்துக்காரருக்கு 6 × 1 = 6 மூட்டை.
4. சரிபாருங்கள்: 18 + 6 = 24.

நிலத்துக்காரருக்கு உரியது 6 மூட்டைதான். 8 மூட்டை போனால் உழுதவருக்கு 2 மூட்டை நஷ்டம். மூன்றில் ஒன்று வேறு. மூன்றுக்கு ஒன்று வேறு.

எழுதாமலும் இதைச் செய்யலாம். மூன்று மூட்டையை இந்தப் பக்கம் வையுங்கள். ஒரு மூட்டையை அந்தப் பக்கம் வையுங்கள். மூட்டைகள் தீரும்வரை இப்படியே வையுங்கள். ஆறு தடவையில் 24 மூட்டையும் தீர்ந்துவிடும்.

மீதி வந்தால் பயப்பட வேண்டாம். 26 மூட்டை என்றால் ஒரு பங்கு ஆறரை மூட்டை. உழுதவருக்குப் பத்தொன்பதரை. நிலத்துக்காரருக்கு ஆறரை.

பயிற்சி

1. விளைச்சல் 20 மூட்டை. 3 : 1 என்று பிரியுங்கள்.
2. விளைச்சல் 22 மூட்டை. எரு, விதை, ஏர், மாடு எல்லாம் நிலத்துக்காரர் கொடுத்தார். உழுதவருக்கு எவ்வளவு?
3. இரண்டு பெண்கள் சேர்ந்து கோழி வளர்த்தார்கள். ஒருவர் போட்ட பணம் 200 ரூபாய். மற்றவர் போட்டது 300 ரூபாய். லாபம் 150 ரூபாய். போட்ட பணத்துக்கு ஏற்ப லாபத்தைப் பிரியுங்கள்.

விடை: 1) 15, 5 மூட்டை. 2) 11 மூட்டை. 3) 60, 90 ரூபாய்.