ஐ7 இருந்தால் எல்லா கேமும் ஓடுமாம்!

"ஐ7 போட்டால் எந்த கேமும் ஓடும்." மாத்தளையில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவனுக்கு இந்தப் பேச்சிலிருந்து விடுதலையே கிடையாது. இரத்தோட்டையிலிருந்து வரும் தகப்பனும் இதைத்தான் சொல்கிறார், உக்குவளையிலிருந்து வரும் உயர்தர மாணவனும் இதைத்தான் சொல்கிறான். சொன்ன கையோடு, கொழும்பில் ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட கணினியை என் மேசையில் வைத்து, "கேம் ஸ்டக் ஆகுது சேர், என்னண்டு பாருங்க" என்கிறார்கள். பார்க்க என்ன இருக்கிறது? ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள்.

அந்த 7 ஒரு வரிசைப் பெயர். பிராசஸரின் வயதை அது சொல்லாது. வயது அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. ஐ7-4770 என்றால் நான்காம் தலைமுறை, 2013இல் வந்தது. ஐ3-12100எஃப் என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022இல் வந்தது. இரண்டிலும் நான்கு கோர், எட்டு திரெட். ஆனால் ஒவ்வொரு கோரும் ஒரே அளவு நேரத்தில் முடிக்கும் வேலையில் பெரிய வித்தியாசம் உண்டு. கேமில் அந்த 'ஏழை' ஐ3, பழைய ஐ7ஐத் தாராளமாக முந்தும். மடிக்கணினியில் நிலைமை இன்னும் மோசம்: ஐ7-7500யு என்று பெருமையாக ஒட்டியிருப்பதற்குள் இருப்பது இரண்டே இரண்டு கோர்.

சரி, பிராசஸரை விடுங்கள். திரையில் படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்ட். நம் பிள்ளைகள் இன்னும் விடாமல் விளையாடும் ஜிடிஏ 5, 2015இல் கணினிக்கு வந்தபோது அதைத் தயாரித்தவர்களே பரிந்துரைத்தது ஐ5-3470 பிராசஸரும் ஜிடிஎக்ஸ் 660 கார்டும். ஐ7 வேண்டும் என்று அவர்கள் கேட்கவேயில்லை, கார்ட் வேண்டும் என்றார்கள். கார்ட் இல்லாத 4770இல் படம் வரைவது உள்ளேயே இருக்கும் எச்டி 4600. அது எக்செல் தாளுக்குப் போதும்.

"கார்டைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று விற்றவர் சொல்லியிருப்பார். எங்கே போடுவது? இந்த வகையில் அதிகம் கைமாறும் டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020இன் சிறிய பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பவர் சப்ளை 255 வாட். கார்டுக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் வயர் அதில் இல்லை. பெரிய பவர் சப்ளை வாங்கி மாட்டலாம் என்றால், மதர்போர்டில் வழக்கமான 24 பின் இணைப்புக்குப் பதிலாக டெல்லின் சொந்த 8 பின் இணைப்பு. பெட்டிக்குள் அரை உயரக் கார்ட் மட்டுமே நிற்கும். ரேம் பழைய டிடிஆர்3. மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் அந்தச் சாக்கெட்டில், 4770க்கு மேலே ஏறுவதற்குச் சொல்லும்படியாக எதுவுமில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் ஏற்கும் இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. குறுக்கு வழியில் 11ஐ ஏற்றினாலும், வலோரன்ட் விளையாட, இந்தப் பெட்டியில் இல்லாத டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும்.

அந்தக் கணினிகள் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. கச்சேரிக்குக் கடிதம் அடிக்கவும் பிள்ளை சூம் வகுப்புப் பார்க்கவும் இன்னும் பல வருடம் உழைக்கும். அதே உள்ளுறுப்பைக் கண்ணாடிக் கேசிங்கில் போட்டு, வர்ண விளக்கு ஃபேன் மூன்றைப் பூட்டி, 'கேமிங் பீசி' என்று இரட்டை விலைக்கு விற்கிறார்களே, அதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது.

மற்றக் கதைகள் இவ்வளவு நேரத்துக்குத் தகுதியில்லை. "4 ஜிபி கார்ட், கட்டாயம் ஓடும்" என்பார்கள். ஜிடி 730இலும் 4 ஜிபி உண்டு. 2014இல் வந்த அந்தக் கார்டில் எத்தனை ஜிபி இருந்தாலும் வேகம் வராது. பழைய கார்டில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் மாற்றி எழுதி விற்பவர்களும் இருக்கிறார்கள். காசு கொடுக்குமுன் கடையிலேயே ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். ரேமை 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். எஸ்எஸ்டி போட்டால் கேம் சீக்கிரம் திறக்கும், ஃபிரேம் வேகம் அதிகரிக்காது.

"பழைய சாக்கெட் வாங்கினால் மேம்படுத்த முடியாது" என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஏஎம்டியின் ஏஎம்4ஐப் பாருங்கள். 2018இல் வந்த பி450 மதர்போர்டில், பயோஸைப் புதுப்பித்தால் 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி ஓடும். காசு குறைவானவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ரைசன் 5 5600ஜி, நான்கு ரேம் துளையுள்ள பி550 போர்ட், 8 ஜிபி குச்சி இரண்டு, ஒரு எஸ்எஸ்டி. 5600ஜிக்குள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் இருப்பதால் முதல் நாளிலிருந்தே சின்ன கேம்கள் ஓடும். காசு சேர்ந்ததும் ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்ட் ஒன்றைப் பூட்டலாம். இன்டெல்தான் வேண்டும் என்பவர்கள் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்ட் வாங்கும்வரை திரை கறுப்புத்தான்.

மேலே சொன்ன பட்டியலில் நான் சொல்லாமல் விட்டது பவர் சப்ளை. கேசிங்கோடு இலவசமாக வரும் '500 வாட்' பெட்டியை நம்பாதீர்கள். அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைத் தேடுங்கள். அங்கே 18 அம்பியர் என்று இருந்தால், 12ஐ 18ஆல் பெருக்குங்கள்: 216 வாட். கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது அந்த வரிசையிலிருந்துதான்.

அந்தப் பெட்டியை எதில் செருகுகிறீர்கள் என்று கேட்டால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது. சதுர முள் சொக்கெட்டின் எர்த் துளையில் பேனை மூடியைத் திணித்து, இரண்டு முள் பிளக்கைச் செருகும் வித்தையை இந்த மாவட்டத்தில் தெரியாதவர் யார்? கேசிங்கைத் தொட்டால் 'சுள்' என்கிறது என்று பிறகு முறைப்பாடு. எர்த் இல்லாத இடத்தில் பவர் சப்ளையின் வடிகட்டிச் சுற்று, மின்சாரத்தைக் கொஞ்சம் இரும்புப் பெட்டிக்குக் கசியவிடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குள் போயிருக்கும். இல்லாததால் பிள்ளையின் விரலைத் தேடுகிறது. "மின்னெழுச்சியைத் தடுக்கும் ஸ்பைக் கார்ட் (guard) வாங்கியிருக்கிறேனே" என்பவருக்கும் இதே பதில்: எர்த் இல்லாமல் அது பாதி வேலைகூடச் செய்யாது.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் நக்கிள்ஸ் பக்கம் இடி முழங்கத் தொடங்கிவிடும். யூபிஎஸ் இடியைத் தாங்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். மின்வெட்டில் கணினியை ஒழுங்காக நிறுத்தச் சில நிமிடம் தருவதுதான் அதன் வேலை. வானம் இருட்டும்போதே பிளக்கைக் கழற்றுங்கள். ரூட்டருக்கு வரும் கேபிளையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

லயன் வீடோ பழைய கல்வீடோ, கணினிக்கு என்று ஒதுக்கிய காசில் முதற் செலவு ஒரு தகுதியான எலக்ட்ரீஷனுக்குப் போகட்டும். எர்த் கம்பி மண்ணில் இருக்கிறதா, ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் அது விழுகிறதா என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகு கடைக்கு வாருங்கள்.